ஈட்டிக்காரன் இன்னும் அடிக்கவில்லை

குழித்துறையில் என் நண்பன் ஒருவனுக்குச் செல்போன் கடை இருக்கிறது. அதன் மாடி அறையில் ஒரு பெரிய டிவி, டிவியின் மேல் பழைய கட்டம்போட்ட போர்வை. இந்த ஆண்டு வைகாசியிலிருந்து ஆடி வரை அந்தப் போர்வையை எப்போது விலக்கிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். இடிந்த கோபுரம் ஒன்றின் உச்சியில் ஆறு கைகளுள்ள பூதம் நிற்கும். எதிரே எங்கள் ஆட்கள் நான்கு பேர். வாள்வீரன் கீழே விழுந்து கிடப்பான். வில்காரியும் வைத்தியனும் தள்ளாடிக்கொண்டு நிற்பார்கள். ஈட்டிக்காரனின் தலைக்கு மேல் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் துடிக்கும். அடுத்து அடிக்க வேண்டியது அவன் என்பதற்கு அடையாளம் அது. பூதம் அவனைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அடிக்காது.

நான் தேதி குறித்துவைக்கும் பழக்கமுள்ளவன். ஆற்றில் வெள்ளம் பாலத்தின் எந்தக் கல்லைத் தொட்டது, எந்தத் திரையரங்கு எந்த மாதம் கல்யாண மண்டபமானது என்றெல்லாம் என்னிடம் கேட்டால் சொல்வேன். கல்யாணப் பத்திரிகையும் அடக்க அறிவிப்பும் அடிக்கிற சின்ன அச்சகம் எனக்கு. சபைகள் ஆண்டுவிழா மலர் போடும்போது பழைய குறிப்புகளைச் சரிபார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த விளையாட்டுச் சண்டைக்கும் என்னிடம் தேதிகள் உண்டு. அவற்றை இங்கே தரவில்லை. தேதி போட்டால் ஒன்று முடிந்துபோனதுபோலத் தோன்றிவிடும். இது முடியவில்லை.

விளையாட்டு என்றதும் ஓட்டமும் துப்பாக்கியும் நினைவுக்கு வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். இது வேறு வகை. ஆர்.பி.ஜி. என்பார்கள். ஒரு பெரிய கதைக்குள் நாம் ஒரு ஆளாகப் புகுந்து, நாடு நாடாக நடந்து, துணைவர்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். நாங்கள் விளையாடுவது பல பாகங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு பழைய தொடர். நாங்கள் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதன் பழைய பாகம் ஒன்றைப் பார்த்தோம். இப்போது எங்களில் சிலருக்குக் காதோரம் நரைத்துவிட்டது. தொடர் இன்னும் வருகிறது. அதில் போர் என்பது சதுரங்கம் மாதிரி. நம் ஆளுக்கு முறை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பூதம் காத்திருக்கும்.

இந்தக் காத்திருப்பை வைத்துத்தான் நாங்கள் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டாக்கினோம். ஒரே விளையாட்டு, நான்கு பேர். கடைக்காரனுக்கு வாள்வீரன். அவன் தங்கை பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் எல்லோருக்கும் டீச்சர், அவளுக்கு வில்காரி. எனக்கு வைத்தியன். கடியப்பட்டணத்துக்காரனான நான்காவது நண்பனுக்கு ஈட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மாடியில் கூடுவோம். அவரவர் ஆளுக்கு அவரவர்தான் கட்டளை சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவன் தப்பாகச் சொல்லி எல்லோரும் செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் யாரும் மீறியதில்லை.

பிறகு கடியப்பட்டணத்துக்காரன் கடல் வேலைக்கு வளைகுடா போனான். அரபி முதலாளியின் படகில் நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பான். கரைக்கு வந்தால்தான் போனில் சிக்னல். அவன் போன பிறகும் வழக்கம் நிற்கவில்லை. ஈட்டிக்காரனின் முறை வந்ததும் நான் திரையைப் படமெடுத்து அனுப்புவேன். அவன் கரை வந்ததும் குரல் செய்தி வரும். பின்னால் பறவை இரைச்சலோ ஐஸ் பெட்டி இழுக்கும் சத்தமோ கேட்கும். "அந்தக் கொம்பு உள்ளதுக்க கண்ணுல குத்து மக்கா" என்பான். கடைக்காரன் பொத்தானை அமுக்குவான். ஒரு தடவை குருத்தோலை ஞாயிறன்று தொடங்கிய சண்டை ஈஸ்டர் கழிந்து முடிந்தது. சண்டை நடுவே விளையாட்டைச் சேமித்துவைக்க முடியாது. அதனால் டிவியோடு சேர்த்திருக்கிற விளையாட்டுப் பெட்டியை அணைக்காமல் தூங்க மட்டும் வைப்போம். கரண்ட் போனால் போயிற்று. அதற்காகவே கடைக்காரன் அதைக் கடையின் இன்வெர்ட்டரில் சேர்த்திருந்தான். மழைக்காலத்தில் கரண்ட் போகும்போது அவன் ஃபேனை அணைத்துவிட்டு வியர்வை சொட்டச் செல்போன் பழுதுபார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அவனுக்கு இத்தனை பாடு ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு புதுப் பாகம் வந்தது. அறிவிப்புப் படம் வெளியான அன்றே எங்கள் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்தது. மாவட்டத்திலும் வளைகுடாவிலும் இருக்கிற, இந்தத் தொடர் விளையாடுகிறவர்களின் குழு அது. புதுப் பாகத்தில் முறை கிடையாது. பூதம் காத்திருக்காது, ஓடி வந்து அடிக்கும், நாமும் ஓடி அடிக்க வேண்டும். நம் கையில் இருப்பது கதாநாயகன் ஒருவன் மட்டும். துணைவர்களை எந்திரமே நடத்திக்கொள்ளும்.

பழையதைத் தாங்கியவர்களுக்கு வரிசைக்காரர்கள் என்றும், புதியதைக் கொண்டாடியவர்களுக்குப் பாய்ச்சல்காரர்கள் என்றும் யாரோ பேர் வைத்தார்கள். காலையில் எழுந்தால் போனில் சண்டை நிறைந்து கிடக்கும். இது இந்தத் தொடரே இல்லை, பேரை மட்டும் ஒட்டி விற்கிறார்கள் என்றான் ஒருவன். ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையில் நின்று அடி வாங்குவது உங்களுக்கு ருசி என்றால் பழையதையே களித்துக்கொண்டிருங்கள் (எங்கள் பக்கம் களிப்பது என்றால் விளையாடுவது) என்றான் இன்னொருவன். உனக்கு விரல் மட்டும்தான் இருக்கிறது, தலை எங்கே என்று இவன் கேட்க, உன் தலை பூதத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவன் சொல்ல, இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறி மறுநாளே திரும்பி வந்தார்கள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அச்சு ஓடும்போதும் கை போனுக்குப் போகும். ஒரு அடக்க அறிவிப்பில் ஜெப நேரத்தைத் தப்பாகப் போட இருந்தேன். கடைசி நொடியில் கண்டுபிடித்தேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாலத்தின் நடுவரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். ஒரு விளையாட்டுக்கு இத்தனை பதற்றமா என்று நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் பழைய விழா மலர்களைப் புரட்டியவனுக்கு இது புதிதல்ல. ஆர்மோனியத்தை எடுத்துவிட்டு கீபோர்டு வைத்தபோது ஒரு சபையில் குடும்பங்கள் இரண்டு பக்கமாக உட்கார்ந்தன. பாட்டு மாறியதற்காக யாரும் அப்படி உட்காரவில்லை. இனி நமக்கு இங்கே என்ன இடம் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

மாடி அறையிலும் பிளவு வந்தது. கடைக்காரன் பாய்ச்சல்காரன். புதுப் பாகம் எங்கள் பழைய பெட்டியில் ஓடாது. பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள நாகர்கோவிலில் ஒரு வியாபாரியிடம் பேசிவைத்திருந்தான். ஆடி அமாவாசையையொட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சி முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள், அதற்கு மேல் வைத்திருக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். பழைய பெட்டி போனால் கோபுர உச்சியில் நிற்கும் நான்கு பேரும் போவார்கள். அதற்குள் சண்டையை முடிக்க வேண்டும். முடிக்க ஒரே ஒரு அடிதான் பாக்கி. பூதத்துக்கு உயிர் நூல் அளவுதான் இருந்தது, ஈட்டிக்காரன் ஓங்கி ஒரு குத்து விட்டால் விழும். அவன் முறைதான். நான் படம் அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை.

சண்டையைப் பற்றிய பதில்தான் வரவில்லை. அதற்கு முன்னால் அவனிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு நீண்ட குரல் செய்தி வந்திருந்தது. அறிவிப்புப் படத்தைப் பார்த்த நாளில் அனுப்பியது.

"மக்கா, நீ எழுதணும். இவனுவ அடிச்சுக்கிட்டு கெடக்க மாதிரி ரெண்டு வரி இல்ல. மொத பாகத்துல இருந்து எழுது. எல்லாத்துலயும் முறை இருந்துது, எல்லாத்துலயும் துணைக்காரனுவள நாமதான் நடத்துனோம், இப்பம்தான் எடுத்துட்டானுவன்னு எழுது. நீ எழுதுனா ஒருத்தனும் மறுத்துப் பேசமாட்டான். கடைக்காரனும் வாசிப்பான்."

கடைசி வாக்கியம் குரல் தாழ்ந்து வந்தது. அவன் கேட்டது குழுவை வெல்லும் கட்டுரை அல்ல, கடைக்காரனின் மனத்தை மாற்றும் கட்டுரை. புதுப் பாகத்தில் ஈட்டிக்காரனை எந்திரம் நடத்திக்கொள்ளும். படம் எடுத்து அனுப்ப ஒன்றும் இருக்காது. கடலிலிருந்து கரை ஏறியதும் கேட்கப்பட ஒரு கேள்வியும் இருக்காது. பெண்டாட்டியும் பிள்ளைகளும் தினமும் பேசுவார்கள், அது வேறு. ஞாயிற்றுக்கிழமை மதியம் குழித்துறையில் ஒரு அறையில் அவன் இல்லாமல் நடக்க முடியாத காரியம் ஒன்று இருந்தது. அது போகப்போகிறது.

நான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் வரிசைப்படி எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என் பக்கம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரு அம்சம்கூட அகப்படவில்லை. ஒரு பாகத்தில் குதிரை வந்தது, அடுத்ததில் போயிற்று. ஒன்றில் உலகப் படம் முழுவதும் நடக்கலாம், இன்னொன்றில் கோடு போட்ட பாதைதான். பாத்திரங்கள் முதன்முதலாக வாய் திறந்து பேசிய பாகத்துக்கு அன்றைய ரசிகர்கள் பாடை கட்டியிருக்கிறார்கள். இன்று அதையே பொற்காலம் என்கிறார்கள். முறை வைத்து அடிப்பது மட்டும் மிஞ்சியது. அதையாவது கண்ணால் பார்த்து எழுத வேண்டும், நாங்கள் விளையாடுகிற பாகத்தையே தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மாடியில் அது முடியாது. பெட்டியை எழுப்பி வேறு ஆட்டம் தொடங்கினால் கோபுரம் அழிந்துவிடும்.

இதற்கிடையில் மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் அச்சகத்திலிருந்து கடைக்குப் போன் செய்து இன்வெர்ட்டர் நிற்கிறதா என்று கேட்டேன். கடைக்காரன் நிற்குது, நிற்குது என்பான். பிறகு எரிச்சலானான். ஒரு ஞாயிறு மாடியில் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு அவன் கையில் கன்ட்ரோலரை எடுத்தான்.

"அவன் கடல்ல கெடக்கான். எப்பம் வருவானோ? குத்துன்னுதானே சொல்லுவான், வேற என்னத்தச் சொல்லப்போறான். நான் அமுக்கட்டா?"

நான் வேண்டாம் என்றேன். டீச்சர் ஜன்னலோரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அவரு கடல்ல இல்ல அண்ணே. கரையிலதான் இருக்காரு."

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கடைக்காரன்.

அவள் போனை நீட்டினாள். கடியப்பட்டணத்துக்காரன் ஸ்டேட்டஸில் மீன் குழம்புப் படம் போட்டிருந்தான். அன்று காலையில் போட்டது. அதற்கு முந்தைய நாள், படகு எஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்பிவைத்த படம். எஞ்சின் பழுது, படகு கரையில் நிற்கிறது. நான் அனுப்பிய கோபுரப் படத்துக்குக் கீழே அவன் பார்த்துவிட்டான் என்பதற்கான நீலக் குறி எப்போதோ விழுந்திருந்தது. நான் கவனிக்காமல் இல்லை. கவனித்ததை எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அவன் பதில் சொன்னால் பூதம் விழும். பூதம் விழுந்தால் ஆட்டம் முடியும். ஆட்டம் முடிந்தால் பெட்டி நாகர்கோவிலுக்குப் போகும். அவன் வாயைத் திறக்காதவரை நாங்கள் காத்திருந்தே ஆக வேண்டும், எங்கள் விதி அப்படி. ஆறு கைப் பூதத்தை அல்ல, எங்களைத்தான் அவன் நிறுத்திவைத்திருந்தான்.

"கள்ளப்பய" என்றான் கடைக்காரன். கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். ஆனால் சிரிக்கவில்லை. வியாபாரியிடம் போன வாரமும் தவணை கேட்டதாகவும், இனிமேல் கேட்க முடியாது என்றும் சொன்னான். வாவுபலிப் பொருட்காட்சி முடிகிற அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு போவேன், அதற்குள் அவன் சொன்னால் சொல்லட்டும், இல்லையென்றால் ஒயரைப் பிடுங்குவேன் என்றான். அவன் ஒன்று சொன்னால் செய்கிறவன்.

அந்த வாரம் அச்சகத்துக்குத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தார். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தவர். பேச்சுவாக்கில் தன்னிடமும் அதே பெட்டி, நாங்கள் விளையாடுகிற அதே பாகம் இருப்பதாகச் சொன்னார். பத்திரிகையின் மாதிரிப் பிரதியைக் கொண்டு கொடுக்கிற சாக்கில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், இதற்கென்ன என்று உற்சாகமாகத் தொடக்கத்திலிருந்து ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தார்.

முதல் சண்டை. வாள்வீரனுக்கு முறை வந்தது, அடித்தேன். அடுத்து வைத்தியனின் முறை. கட்டளைப் பட்டியல் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வைத்தியன் தானாகக் கையைத் தூக்கி மருந்து தெளித்தான். என் வைத்தியன். நான் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலேயே வில்காரி தானாக அம்பு விட்டாள், ஈட்டிக்காரன் தானாகக் குத்தினான். பிறகு மறுபடி வாள்வீரனின் தலையில் முக்கோணம்.

பெட்டி கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அது அப்படித்தானே. துணைக்காரனுவ அவனுவளாத்தான் அடிப்பானுவ. எல்லாரும் அப்படித்தான் களிப்பாவ. நம்ம இஷ்டத்துக்கு அடிக்கணும்னா உள்ள போயி ஒவ்வொரு ஆளுக்கும் மாத்தணும். அத்தியாயம் முடிஞ்சா மறுபடியும் பழையபடி ஆயிரும், திருப்பியும் மாத்தணும். ஆருக்கு அதுக்கெல்லாம் பொறுமை?"

எப்படி மாற்றுவது என்றும் காட்டினார். பல பக்கங்களுக்கு உள்ளே, வேறு எதற்கும் யாரும் போகாத ஒரு மூலையில் அது இருந்தது. நான் அவருடைய கருப்புச் சாயாவைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். துறைமுகப் பக்கம் போய் நின்றேன். அங்கேயும் நிற்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

எங்கள் ஆட்டத்தில் எத்தனையோ அத்தியாயங்கள் கடந்துவிட்டன. ஒரு ஞாயிறுகூட என் வைத்தியன் தானாகக் கை தூக்கியதில்லை. நாங்கள் மாடி ஏறும்போது ஆட்டம் தயாராக இருக்கும், நாலு பேரும் எங்கள் கட்டளைக்குக் காத்து நிற்பார்கள். விளையாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். எந்திரம் துணைவர்களை நடத்துவது புதுப் பாகத்தின் துரோகம் அல்ல. நாங்கள் உயிராக நினைத்த பாகத்தின் இயல்பே அதுதான். அதை ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒருவன் மாற்றிவைத்திருக்கிறான்.

நேராகக் கடைக்குப் போனேன். அவன் ஒரு போனின் முதுகைத் திறந்துவைத்து, கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்தான். நீதானே மாற்றினாய் என்று கேட்டேன். எதை என்று அவன் கேட்கவில்லை. லென்ஸையும் எடுக்கவில்லை.

"சனிக்கிழமையே செஞ்சு வச்சிருவேன். நாலு பேரு வந்து உக்காந்துட்டு, ஒருத்தன் களிக்கதை மூணு பேரு பாக்கவா?"

எப்போதிருந்து என்று கேட்டேன். எனக்கு அதுதானே பழக்கம்.

"அவன் பிளேன் ஏறுன வாரத்துல இருந்து. அதுக்கு முன்னால உள்ள பாகத்துல அது வேண்டாம், எல்லாம் நம்ம கையிலதான். இதுலதான் மாத்திப்போட்டான். அன்னைக்கே சொன்னா அவன் போகதுக்கு முன்னாலயே மூஞ்சியத் தொங்கப்போடுவான்." சிறிது நேரம் ஸ்குருவைத் திருகினான். "இத நீ எங்கயும் எழுதீராத."

பிறகு நான் கேட்காததற்கும் பதில் சொன்னான். அதை அவன் வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் பழையது பிடிக்காமல் போகவில்லை. சனிக்கிழமை தயார் செய்வது, இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்வது, மழையில் ஓடி வந்து ஒயரைத் தொட்டுப் பார்ப்பது, ஒருவனின் குரலுக்காக மற்ற இரண்டு பேரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவன் தலையில் இருந்தது. ஒருமுறையாவது யாருக்காகவும் நிற்காமல் ஓடி ஓடி அடிக்கிற ஆட்டம் ஒன்று ஆட வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான். இதில் தப்பென்ன என்று என்னைக் கேட்டான். தப்பில்லை என்றேன். உண்மையாகவே தப்பில்லை.

கட்டுரை எழுத முடியாது என்பது உறுதியாயிற்று. நண்பன் கேட்ட வாக்கியம் பொய். எனக்குத் தெரிந்த பிறகு அதை அச்சிட என் கை வராது. குழுவில் உண்மையைப் போட்டால் பாய்ச்சல்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கூத்தாடுவார்கள். கடைக்காரனும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறான். (இந்தக் குறிப்பை எழுதும் முன் அவனிடம் மறுபடி கேட்டேன். இனி என்ன வேண்டுமானாலும் எழுது, பேரைப் போடாதே என்றான். யார் பேரையும் போடவில்லை.) பாலத்தின் மேல் நின்று, லாரி போகாத நேரம் பார்த்து, கடியப்பட்டணத்துக்காரனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். தேங்காய்ப்பட்டணத்தில் பார்த்ததைச் சொன்னேன். யார், எந்த வாரத்திலிருந்து மாற்றிவைத்தான் என்பதைச் சொன்னேன். விளையாட்டு உனக்காகக் காத்திருக்கவில்லை, அவன்தான் காத்திருக்கவைத்தான் என்றேன். குத்து என்றோ குத்தாதே என்றோ சொல்லவில்லை. அது அவன் ஆள்.

நீலக் குறி உடனே விழுந்தது. பதில் இல்லை. வாவுபலிக் கூட்டம் வந்தது. ஆடி அமாவாசைக்கு ஆற்றில் இறங்குகிறவர்கள், பொருட்காட்சி ராட்டினம், அப்பளக் கடை, ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. என் அச்சகத்து வாசலில் நிற்க இடமில்லை. நான் போனைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். பொருட்காட்சியின் கடைசி நாளான ஞாயிறும் வந்தது. மதியம் மாடிக்குப் போனபோது புதுப் பெட்டிக்கு இடம் செய்வதற்காக மேசையைத் துடைத்துவைத்திருந்தான் கடைக்காரன். போர்வை மடித்து ஓரமாக இருந்தது. டீச்சர் அண்ணனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வந்தது. எனக்கல்ல, நாலு பேருக்குமாக இருக்கிற சின்னக் குழுவில் வந்தது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பின்னால் எஞ்சின் ஓடும் ஒலி கேட்டது. சரியாகிவிட்டது போலிருக்கிறது.

"நான் கடலுக்குப் போறேன். ஈட்டிய அப்படியே வச்சிரு. பையில ஒரு உயிர் மருந்து இருக்குல்லா, அத எடுத்து கடைக்காரனுக்குக் குடு. இம்புட்டு நாளும் நமக்காக நின்னுட்டு, முடியும்போ செத்துக் கெடக்கப்பிடாது, பாவம். எழும்பட்டும். அவன் அடிக்கட்டும்."

வெல்லும் அடி கையில் இருக்க மருந்தைக் கொடுப்பது விளையாட்டுப்படி பைத்தியக்காரத்தனம். ஈட்டிக்காரனின் முறை வீணாகும், அடுத்து பூதத்தின் முறை வரும், நிற்கிறவர்களில் எவன் விழுவான் என்று தெரியாது. குழுவில் இதைச் சொன்னால் வரிசைக்காரர்களே அவனை விரட்டியிருப்பார்கள். கடைக்காரன் கன்ட்ரோலரை எடுத்தான். பையைத் திறந்தான், மருந்தைத் தேடினான், தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் தேடினான். பொத்தானை அமுக்கினான்.

வாள்வீரன் முழங்காலில் கையூன்றி எழுந்தான். பூதம் ஆறு கைகளையும் சுழற்றி வில்காரியை ஒரே அடியில் சாய்த்தது.

"நல்ல காரியம்" என்றாள் டீச்சர். "அவருக்கு மருந்து, எனக்கு அடி."

மஞ்சள் முக்கோணம் நகர்ந்து வாள்வீரனின் தலைக்கு மேல் வந்து துடித்தது. பூதத்துக்கு நூல் அளவு உயிர். கடைக்காரனின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அவன் போனில் நாகர்கோவில் வியாபாரி கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எனக்க முறைதானே இப்பம்?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"அப்பம் நான் யோசிக்கணும்."

கன்ட்ரோலரை வைத்துவிட்டு, பெட்டியைத் தூங்கப் போட்டு, மடித்த போர்வையை உதறி டிவியின் மேல் விரித்தான். பிறகு இன்வெர்ட்டர் ஒயரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கடையைத் திறக்கக் கீழே இறங்கிப் போனான்.

அந்தப் புதுப் பெட்டியை வியாபாரி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். குழுவில் சண்டை ஓயவில்லை. இப்போது புதுப் பாகத்தின் பாட்டைப் பற்றி. நான் அதில் வாய் கொடுப்பதில்லை. கடலிலிருந்து கரை ஏறும்போதெல்லாம் கடியப்பட்டணத்துக்காரன் சின்னக் குழுவில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான், கடைக்காரன் அடிச்சானா என்று. கடைக்காரன் அதைப் பார்க்கிறான். நீலக் குறி விழுகிறது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.